குணமும் சுரப்பியும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனிதர்களைப் பார்த்தவுடன் ஒரு சொல்லில் அடைத்துவிடுவான். இவன் முன்கோபி, அவன் கஞ்சன், அவள் வாயாடி, இவள் சோம்பேறி. அந்தச் சொல்லை ஒட்டிவிட்டால் பாத்திரம் பாதி தயார். பிறகு அதைக் கதையில் நடமாட விடுவது பெரிய காரியமில்லை. வாசகர்களுக்கும் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் மாதிரியே இருக்கிறாளே!’ என்று சிரித்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கலாம்.

அப்படி நான் ஒரு சொல்லில் அடைத்துவிட்ட ஒருவரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். அவர் என் அண்ணி.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் விடிவதற்கு முன்பே வாசலில் கோலம் விழுந்திருக்கும். நாங்கள் எழுந்து வரும்போது காப்பி தயாராக இருக்கும். அவர் பேச்சிலும் நடையிலும் ஒரு துள்ளல் இருந்தது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அந்தத் துள்ளல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரே நாளில் குறைந்திருந்தால் யாராவது கவனித்திருப்போம். மாதம் மாதமாகக் குறைந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. காலையில் எழுந்திருப்பது ஏழு மணியாயிற்று. ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்க்கும் நேரத்தில் மற்றவர்கள் நாலு பாத்திரம் தேய்த்துவிடுவார்கள். உடம்பு பருத்தது; முகம் ஊதினாற்போல் ஆயிற்று. குரல் கம்மிப்போய், ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். சித்திரை மாதத்தில்கூட மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“உட்கார்ந்தே சாப்பிட்டா உடம்பு வராம என்ன செய்யும்?” என்பாள் அம்மா. அண்ணன் எதுவும் பேசமாட்டான். நான் பேசாமலிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நான் எழுதினேன். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய மருமகளைப் படைத்தேன். சித்திரை வெயிலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது மூன்று தரம் கூப்பிட்ட பிறகே திரும்பிப் பார்ப்பாள். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் எழுதினார்கள். அண்ணியும் வாரா வாரம் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏழு வருஷம் இப்படி ஓடிற்று. ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அண்ணி ஒரு டாக்டரம்மாவிடம் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்து மருந்து எழுதிய பிறகும் எங்களைப் போகச் சொல்லவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களுக்குக் குளிர் தாங்காதோ?” என்று கேட்டார். “முடி ரொம்பக் கொட்டுதா? மலச்சிக்கல் உண்டா? குரல் முன்னாலே இப்படியா இருந்தது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஏழு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்த நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விகளை, ஐந்து நிமிஷம் பார்த்த ஒரு டாக்டர் கேட்டுவிட்டார்.

தைராய்டு சுரப்பி அநேகமாக வேலையை நிறுத்திவிட்டது என்று முடிவு வந்தது.

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அதிலும் உடற்கூறு படித்தவனில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்றவாளிக்குச் சட்டப் புத்தகத்தின் மேல் வரும் அக்கறை அது.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருக்கும் ஒரு சிறு சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம். உடம்பிலுள்ள உயிரணுக்கள் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை இது சுரக்கும் ஹார்மோன்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அது மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடம்பு இளைக்கும், தூக்கம் போகும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். குறைந்தால் எல்லாம் மந்தமாகிவிடும். இதயம்கூட மெதுவாகத் துடிக்கும்.

இந்தச் சுரப்பி தன் இஷ்டத்துக்கு வேலை செய்வதில்லை. மூளையின் அடியில், எலும்புக் குழி ஒன்றில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம்தான். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி அதை அறிந்துகொண்டு, ‘இன்னும் சுர’ என்று ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. போதுமானது வந்துவிட்டால் கட்டளையைத் தளர்த்திக்கொள்கிறது. பிட்யூட்டரிக்கும் மேலே மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உட்கார்ந்து அதையும் கண்காணிக்கிறது. ஆக, மேலே இருப்பது கீழே இருப்பதை ஏவுகிறது. கீழே இருப்பதன் விளைவு மேலே போய் அந்த ஏவலைக் கட்டுப்படுத்துகிறது. இதில் முழு எஜமானனும் இல்லை, முழு அடிமையும் இல்லை.

அண்ணியின் விஷயத்தில் நடந்தது வேறு. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படையே ஆளைத் தப்பாக அடையாளம் கண்டு, தைராய்டைத் தாக்கி அழித்துக்கொண்டிருந்தது. ஹார்மோன் குறையக் குறைய பிட்யூட்டரி கட்டளைமேல் கட்டளையாக அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டளை ஹார்மோன்தான் அளவுக்குமேல் பல மடங்கு ரத்தத்தில் நிறைந்திருந்ததைப் பரிசோதனை காட்டியது. அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உள்ளே ஒரு சுரப்பி, ‘எழுந்திரு, வேலை செய்’ என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே நாங்களும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தோம். அழிந்துபோன சுரப்பியிடம் எவ்வளவு உரக்கக் கத்தினால்தான் என்ன?

தினம் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும். ஒரு மாத்திரையில் உள்ள மருந்து 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாலு மாதத்தில் வாசலில் மறுபடி கோலம் விழுந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, எழுந்தவுடன் காப்பி இல்லாவிட்டால் தலைவலிக்கிறது என்கிற அம்மா, அண்ணியின் அரை மணி முடிகிற வரைக்கும் தானும் காப்பியைத் தொடுவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த வைத்தியமில்லை. 1891-ல் இங்கிலாந்திலுள்ள நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், இதே நோயால் முடங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் எழுந்து நடமாடி, அதற்குப் பிறகு 28 வருஷங்கள் வாழ்ந்தார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1905-ல்தான் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்தப் பெயரை வழங்கினார். கிளறிவிடுவது, தூண்டுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

தைராய்டு ஓர் உதாரணம்தான். காலையில் இரண்டு இட்லி சாப்பிடுகிறோம். அது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. நம் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. சாப்பிடாத வேளையில் அதில் இருக்க வேண்டிய சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவுதான். அது மிகுந்தால் கணையம் இன்சுலினைச் சுரந்து, மிகுந்ததைத் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கச் செய்கிறது. இரவில் நாம் பட்டினியாகத் தூங்கும்போது அதே கணையம் குளுக்ககான் என்ற வேறொன்றைச் சுரந்து, கல்லீரலில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடச் சொல்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல வெளியே தள்ளிவிட்டு மீதியைத் திரும்ப உடம்புக்கே கொடுக்கின்றன. எவ்வளவு தண்ணீரைத் திருப்ப வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வதும் பிட்யூட்டரியிலிருந்து வருகிற ஒரு ஹார்மோன்தான்.

வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி வந்தாலும், உயிரணுக்கள் மிதந்துகொண்டிருக்கும் உட்கடல் மாறாமல் இருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு ஆதாரம் என்று சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டார். அமெரிக்காவில் வால்டர் கேனன் 1926-ல் இந்தச் சமநிலைக்கு ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயர் வைத்தார். நமக்கும் இது புதிய எண்ணமல்ல. வாதம், பித்தம், கபம் என்ற கணக்கு எப்படியிருந்தாலும், மிகுதியும் நோய், குறைவும் நோய் என்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறது.

சமநிலை என்றதும் தராசு அசையாமல் நிற்பது போல ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உடம்பில் நடப்பது அதுவல்ல. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவன் ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கழியைத் தாழ்த்துகிறான். அந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம். ஓயாத திருத்தத்துக்குத்தான் சமநிலை என்று பெயர். நாம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சாதாரணமாகச் சொல்லும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பின்னால் இத்தனை உழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. நான் அதிகாலையில் எழுந்து எழுத உட்காருவதைச் சுறுசுறுப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதில் என் பங்கு எவ்வளவு, அந்த 20 கிராம் சுரப்பியின் பங்கு எவ்வளவு?

இங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிராம் மருந்து சோம்பேறியைச் சுறுசுறுப்பாக்கிவிடும் என்றால், குணம் என்று ஒன்று இருக்கிறதா? பாவம், புண்ணியம், பழி, பாராட்டு இவற்றுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். மலைப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு. அயோடின் இல்லாமல் தைராய்டு தன் ஹார்மோனைச் செய்ய முடியாது. ஜனங்களுக்குக் கழுத்தில் கழலை. கர்ப்பத்திலேயே அயோடின் வெகுவாகக் குறைந்தால் பிறக்கிற குழந்தையின் புத்தி வளர்ச்சியே குன்றிவிடும். 1956-ல் தொடங்கி டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷங்களில் அயோடின் உப்புச் சாப்பிட்டவர்களிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. ஒரு மனிதனுக்கு 70 வருஷ வாழ்நாளுக்கும் சேர்த்துத் தேவைப்படும் அயோடின் நாலு கிராம்கூட இல்லை. ஒரு குழந்தை மந்தமாகப் பிறப்பதற்கும் சூட்டிகையாகப் பிறப்பதற்கும் நடுவே ஒரு சிட்டிகை உப்பு நிற்கிறது என்றால், ‘அவன் மண்டு’ என்று சொல்ல நாம் யார்?

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மறு கோடிக்குப் போய்விட்டேன். எல்லாம் சுரப்பி என்று பேச ஆரம்பித்தேன். சிடுசிடுக்கிற பத்திரிகாசிரியரைப் பார்த்தாலும், சண்டைக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை. ‘பாவம், என்ன சுரக்கிறதோ!’ என்று சிரித்துக்கொள்வேன். ஞானம் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞானம் ஒரு தீபாவளிக்கு மறுநாள் உடைந்தது. அண்ணனின் மூத்த பெண் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க அவளுக்கு ஆசை. அண்ணனும் அம்மாவும் உள்ளூரிலேயே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். “அவ படிப்பை அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டா எப்படி?” என்று ஆரம்பித்து, குரலை உயர்த்திப் பேசினார். அந்த வீட்டில் அண்ணி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். நான் நிலைமையைச் சமாளிக்கிறதாக எண்ணிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, “என்ன அண்ணி, இன்னிக்கு மாத்திரை போட மறந்துட்டீங்களா, இல்லே ரெண்டாப் போட்டுட்டீங்களா?” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். உயர்ந்திருந்த குரல் தணிந்தது.

“தம்பி, அன்னிக்கு எனக்கு நோய் வந்தப்போ அதை என் குணம்னு சொன்னீங்க. இன்னிக்கு நான் நியாயம் பேசினா அதை நோய்னு சொல்றீங்க. அப்ப நான் பேசறதுன்னு எதைத்தான் எடுத்துக்குவீங்க?”

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்ததில் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

1924-ல் மரான்யோன் என்ற ஸ்பெயின் நாட்டு டாக்டர் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அட்ரினலின் ஊசி போட்டார். பயத்திலும் கோபத்திலும் நம் உடம்பில் சுரந்து, நெஞ்சைப் படபடக்கச் செய்கிற ஹார்மோன் அது. பெரும்பாலோர் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்று மட்டும் சொன்னார்கள். மற்றவர்களிலும் அநேகர் ‘பயந்தாற்போல் இருக்கிறது’ என்றார்களே தவிர, பயமாயிருக்கிறது என்று சொல்லவில்லை. பயப்பட ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை ஊசியால் கொடுக்க முடியவில்லை.

எனக்கு இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. ஹார்மோன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றலாம். அந்த வெளிச்சத்தில் எதைப் படிக்கிறோம் என்பது எண்ணெயில் இல்லை. எண்ணெய் இல்லாமல் அணைந்த விளக்கை, ‘ஏன் எரியவில்லை?’ என்று அதட்டுவது மடத்தனம். எரிகிற விளக்கில் ஒருவர் படித்துச் சொல்வதை, ‘அது எண்ணெய் பேசுகிறது’ என்று தள்ளுவது அதைவிடப் பெரிய மடத்தனம். முதல் மடத்தனத்தை அறியாமையால் செய்தோம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை நான் அரைகுறை அறிவோடு செய்தேன். மாத்திரை அண்ணிக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் மகளைக் கேட்காமல் மகள் வாழ்வை முடிவு செய்யக்கூடாது என்பது எந்த மாத்திரையிலும் இல்லை. நோய் பிடித்திருந்த ஏழு வருஷமும் அவர் அப்படித்தான் எண்ணியிருப்பார். சொல்லத்தான் பலம் இல்லை.

மன்னிப்பதிலும் ஒரு ஆணவம் உண்டு என்று அப்போதுதான் கண்டேன். ‘பாவம், சுரப்பி’ என்று ஒருவரை மன்னிக்கிறபோது, அவர் சொல்வதைக் கேட்க வேண்டிய கடமையிலிருந்து நான் தப்பித்துக்கொள்கிறேன். அவரை மனிதர் என்ற ஸ்தானத்திலிருந்து இறக்கி, இயந்திரமாக்கிவிட்டு, அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். என் கோபம் மட்டும் நியாயத்திலிருந்து பிறக்கிறது, மற்றவர்கள் கோபம் சுரப்பியிலிருந்து பிறக்கிறது என்று ஒரு கணக்கு இருக்க முடியுமா? உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதானே!

அதனால் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஒன்றைச் செய்ய முடியாமல் தவிப்பதைக் கண்டால், முதலில் அவர் உடம்பைப் பற்றி விசாரிப்பது. தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது. ஒருவர் ஒன்றைச் சொன்னால், முதலில் சொன்னதைக் கேட்பது. அவர் உடம்பைப் பற்றிய ஆராய்ச்சியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது. என் விஷயத்தில், உடம்பு சரியில்லை என்று தோன்றினால் டாக்டரிடம் போவேன். ஆனால் நான் பேசிய கடுஞ்சொல்லுக்குச் சுரப்பியைச் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். இந்த விதியை எப்போதும் காப்பாற்றுகிறேன் என்று சொல்ல மாட்டேன். கழைக்கூத்தாடியைப் போல, சாய்ந்த பிறகுதான் பல சமயம் திருத்திக்கொள்கிறேன்.

அண்ணன் பெண் வெளியூரில்தான் படித்தாள்.

சென்ற வருஷம் அந்தப் பழைய தொடர்கதையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். பெரிய மருமகள் வருகிற பகுதிகளையெல்லாம் எடுத்துவிடுவது என்று தீர்மானித்து, அண்ணியிடம் சொன்னேன். அந்தக் கதையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“எடுக்காதீங்க தம்பி. அவ இருக்கட்டும்” என்றார் அண்ணி. “பன்னிரண்டாவது அத்தியாயத்துலே மாமியார் அவளைத் திட்டறாங்களே, அந்த இடத்துலே மட்டும், உனக்கு உடம்புக்கு என்னன்னு யாராவது ஒருத்தர் அவளைக் கேக்கட்டும்.”

எழுதிய எனக்கே எந்த அத்தியாயம் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவதுதான். அண்ணி சொன்னபடி ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.